நூற்று எழுபத்தோரு சென்டிமீட்டர்

மோண்டேவிடியோ வானொலியில்
வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இருமல், நாற்காலியின் முனகல்,
மாத்தே பானத்தின் கடைசி உறிஞ்சல்,
"அது வந்து", "என்னவென்றால்",
எல்லாம் என் சவர பிளேடுக்கு இரை.
பேரறிஞர்கள் என் மேசைக்கு
ஒலிநாடாவாகத்தான் வருவார்கள்,
விநாடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர்.
துடைத்து அனுப்புவேன்.
ஞாயிறு காலை ஊரே வியக்கும்,
எப்படித் தடுமாறாமல் பேசுகிறார்கள் என்று.

தடுமாற்றமெல்லாம் என் காலடிக் கூடையில்.

பதினொரு வருடம்
அந்தக் கூடையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சதுரங்க வீரர்
தோற்ற ஆட்டங்களைச் சொல்லும்போது மட்டும்
ஒரு காயையும் மறக்கவில்லை.
எறும்புகளோடு நாற்பது வருடம் இருந்தவர்
"எறும்புகள்" என்று சொல்லவே மாட்டார்.
எந்த எறும்பு, எந்த மரம், எத்தனை மணி,
எல்லாம் சொன்ன பிறகுதான் வாக்கியம் நகரும்.
நேரமில்லை என்று
மரத்தையும் மணியையும் வெட்டினேன்.

அந்தச் செவ்வாய் வந்தவர் இர்மா பிடெகாயின்.
ஆற்று முகத்துவாரத்தை ஆராய்கிறவர்.
என் வயதுதான் இருக்கும்.
நிகழ்ச்சி நடத்தும் லாரியேரா
வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேட்டார்:
"நம் ஊருக்கு எதிரே கிடப்பது ஆறா, கடலா?"

மூச்சு.
சுவருக்கு அப்பால் ஒரு பேருந்து கியர் மாற்றியது.
மீண்டும் மூச்சு.
பிறகு அவர் கேட்டார்:
"எப்போது?"

"அந்த இடைவெளியை எடுத்துவிடு நெலிதா,
வானொலி செத்துவிட்டது என்று நினைப்பார்கள்."

எடுத்தேன்.
ஒன்பது விநாடி.
ஏனோ கூடையில் போட மனமில்லாமல்
சுவரில் ஒட்டித் தொங்கவிட்டு அளந்தேன்.
நூற்று எழுபத்தொன்று.
நான் நூற்று அறுபத்து மூன்று.
அவருடைய மௌனம்
என்னைவிட நாலு விரற்கடை உயரம்.

மறந்த குடைக்காகத் திரும்பி வந்தவர்
பழுப்பு நாடாவைப் பார்த்து,
"அது என்ன?"
"நீங்கள்தான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில்
பதினொரு வருடத்தில் முதல்முறையாக
விருந்தினர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.
"இந்த நீளத்துக்குள் என்ன யோசித்தீர்கள்?"
பெரிதாக எதையோ எதிர்பார்த்து
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
"போன மாதக் கட்டுரையில்
தப்பாக எழுதிவிட்டேனோ என்று."

குடையை எடுத்தவர் போகவில்லை.
"நீங்கள் நீந்துவீர்களா?"
"பொசிட்டோஸ் கரையில், டிசம்பரில்."
"உப்பு எப்போது தெரியும்?"
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
தெற்குக் காற்று மூன்று நாள் அடித்தால்
உதட்டில் கரிக்கும், என்றேன்.
மழைக்குப் பிறகு வெறும் பழுப்புத் தண்ணீர், என்றேன்.
"மூன்று நாளா?"

ஆமாம் என்று வாய் போய்விட்டது பாதி தூரம்.
நிறுத்தினேன்.
பென்சில் காகிதத்துக்கு மேல் நின்றது.
அவர் உதவிக்கு வரவில்லை.
கேள்வியை வேறு மாதிரிக் கேட்கவில்லை,
தொண்டையைக் கூடச் செருமவில்லை.
எத்தனை விநாடியோ, நாடா ஓடவில்லை.
"இரண்டாகவும் இருக்கலாம்" என்றேன்.
அதைத்தான் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு
சுவரிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே
ஒன்பது விநாடியையும் ஒட்டினேன்.

ஞாயிறு காலை மூன்று பேர் தொலைபேசினார்கள்,
ஒலிபரப்பு அறுந்துவிட்டதாம்.
நான்காவது ஆள் ஒரு கசாப்புக் கடைக்காரர்.
"'எப்போது' என்றாரே அந்த அம்மாள்,
அதற்குப் பிறகு என்ன சொன்னார்?
பெட்டி கெட்டுவிட்டது என்று
தட்டிக்கொண்டிருந்துவிட்டேன்."
மீதியை அவருக்கு மட்டும்
போட்டுக் காட்டினேன், ஒலிவாங்கி வழியாக.
கறி வெட்டும் சத்தம் நின்றிருந்தது.

வெட்டாததற்காக
என் சம்பளத்தில் அரைநாள் வெட்டு.

இப்போது டிசம்பர். தெற்குக் காற்று.
நேற்று நாக்கில் ஒன்றுமில்லை.
இன்று இரண்டாம் நாள்.
இடுப்பளவுத் தண்ணீரில்
உதட்டைத் துடைக்காமல் நிற்கிறேன்.
உப்பா,
உப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையா?
கரையிலிருந்து தோழி கூப்பிடுகிறாள்.
கொஞ்சம் பொறு,
இன்னும் பதில் வரவில்லை.